வெளிநாட்டு முதலீடும் மாமாவோட கம்ப்ரசரும்

ரொம்ப நாளா பதிவு பக்கம் எட்டிப் பார்க்கலை. வழக்கமான சால்ஜாப்புதான், ஆபீஸ்ல ஆணி அதிகம். இன்னிக்கு கொஞ்சம் சீரியஸ் பதிவு. மொக்கை எதிர்பார்த்து வந்தவங்க அடுத்த வாரம் வாங்க :-)

போன மாசம் அம்பத்தூர்ல பெரிய மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா சின்னதா ஒரு பட்டறை வெச்சிருக்கார். முப்பது வருஷமா நடக்குது. லேத், ரெண்டு மூணு பிரஸ், டிரில்லிங், கொஞ்சம் சிஎன்சி. வெளிநாட்டு கார் கம்பெனி ஒண்ணுக்கு சப்ளை பண்ற கம்பெனிக்கு இவர் சப்ளை பண்றார். அதாவது வரிசையில மூணாவது ஆள்.

சாப்பிட்டு முடிச்சதும் ஒரு கத்தைப் பேப்பரை எடுத்து நீட்டினார். "மாப்ள, இங்கிலீஷ்ல என்னமோ கேட்டிருக்கான், பார்த்து ரொப்பிக் கொடு"ன்னார். பார்த்தா, கார் கம்பெனி தலைமையகத்துல ஆரம்பிச்சு படிப்படியா கீழ இறங்கி வந்த ஃபார்ம். ஒரு பாகம் செய்ய எத்தனை யூனிட் கரண்ட் செலவாகுது, 2030க்குள்ள அதை எவ்வளவு குறைப்பீங்க, அதுக்கு என்ன திட்டம்னு பதினெட்டு கேள்வி. கடைசிப் பக்கம் வரைக்கும் தேடினேன். அந்தத் திட்டத்துக்கு யார் காசு கொடுப்பாங்கன்னு ஒரு வரிகூட இல்லை.

அன்னிக்கு ராத்திரியிலேர்ந்து மண்டைக்குள்ள ஓடிட்டிருக்கிற விஷயம்தான் இந்தப் பதிவு.

2024 ஜனவரியில சென்னையில நடந்த உலக முதலீட்டாளர்கள் மாநாடு ஞாபகம் இருக்கும். 6.64 லட்சம் கோடி ரூபாய்க்கு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டதா அரசாங்கம் அறிவிச்சாங்க. இந்த மாதிரி மாநாடு எந்த ஊர்ல நடந்தாலும், எந்தக் கட்சி நடத்தினாலும், ஒரு வசனம் கண்டிப்பா உண்டு: "வெளிநாட்டு முதலீடு வந்தா நவீன தொழில்நுட்பம் வரும், குறைஞ்ச எரிசக்தியில நிறைய உற்பத்தி நடக்கும்." வேலை வாய்ப்பு, ஏற்றுமதி பத்தியெல்லாம் நான் இங்க பேசப் போறதில்லை. இந்த ஒரு வசனம் உண்மையா? அது மட்டும்தான் கேள்வி.

முதல்ல மாமா கதையை முடிச்சிடறேன்.

2006 வாக்குல அந்த வாங்குற கம்பெனியிலேர்ந்து ஒரு இன்ஜினியர் வந்தாராம். சின்னப் பையன். வந்தவர் மிஷின் எதையும் பார்க்கலை. மதியம் சாப்பாட்டு நேரத்துல எல்லா மிஷினையும் நிறுத்தச் சொல்லிட்டு, கம்ப்ரசரை மட்டும் ஓட விட்டு, கையில ஸ்டாப் வாட்ச்சோட நின்னிருக்கார். யாருமே காத்து உபயோகிக்கலை, ஆனா கம்ப்ரசர் பத்து நிமிஷத்துக்கு மூணு நிமிஷம் லோடு எடுத்து ஓடுது. "சார், நீங்க பண்ற காத்துல முப்பது சதவீதம் ஓட்டை வழியா போயிட்டிருக்கு"ன்னு சொல்லியிருக்கார். பட்டறை அமைதியா இருந்ததால அப்பதான் எல்லாருக்கும் காதுல விழுந்துச்சாம், மூலைக்கு மூலை 'உஸ்ஸ்ஸ்'னு பாம்பு மாதிரி சத்தம்.

மாமா பட்டறை ஒண்ணும் விதிவிலக்கு இல்லைங்க. சரியா பராமரிக்காத பட்டறைகள்ல இருபது, முப்பது சதவீதம் காத்து கசிஞ்சு போறது சர்வசாதாரணம்னு இந்தத் துறையில எல்லாருக்கும் தெரியும். மாமாவோடது 25 எச்.பி கம்ப்ரசர். ரெண்டு ஷிஃப்ட். கணக்குப் போட்டா மாசம் ரெண்டாயிரம் யூனிட்டுக்கு மேல சும்மா காத்துல போயிருக்கு, அதுவும் நிஜமாவே காத்துல. அன்னிக்கு ரேட்டுக்கே ஒன்பதாயிரம் ரூபா.

ஒரு வாரத்துல ஹோஸ், கப்ளிங் எல்லாம் மாத்தினாங்க. எட்டு பார்ல ஓடிட்டிருந்த அழுத்தத்தை ஆறரைக்குக் குறைச்சாங்க (ஒரு பார் குறைச்சாலே ஆறேழு சதவீதம் கரண்ட் மிச்சம்). தகரக் கொட்டகைக்குள்ள இருந்த சூடான காத்தை இழுக்காம வெளியிலேர்ந்து இழுக்கிற மாதிரி ஒரு குழாய் போட்டாங்க. மொத்தச் செலவு ரெண்டு மாச மிச்சத்துல திரும்பி வந்துடுச்சு.

"அப்ப வெளிநாட்டு முதலீட்டால நன்மைதானே மாமா?"ன்னேன். மாமா சிரிச்சார். "கேளுடா மீதியை. அடுத்த வருஷம் ரேட் பேச உக்காந்தோம். உங்க கரண்ட் செலவுதான் குறைஞ்சிருக்கே, விலையைக் குறைங்கன்னான். காசு மிச்சம் பண்ணக் கத்துக் கொடுத்தவனே அதை வாங்கிட்டும் போயிட்டான்."

இதை நான் வில்லன் கதையா சொல்லலை. வருஷா வருஷம் விலை குறைக்கச் சொல்றது அந்தத் தொழில்ல உலகம் பூரா இருக்கிற வழக்கம். ஆனா இந்த ஒரு பட்டறைக் கதைக்குள்ள மொத்த விவாதமும் அடங்கியிருக்குன்னு எனக்குத் தோணுது.

சரி, மேட்டருக்கு வருவோம். படிச்சவங்க என்ன சொல்றாங்கன்னு தேடினா, ரெண்டு கட்சி இருக்கு.

கட்சி ஒண்ணு. பிரேசில் நாட்டு இயற்பியலாளர் ஜோஸே கோல்டம்பெர்க். எரிசக்தித் துறையில பெரிய தலை. வளரும் நாடுகள் பணக்கார நாடுகள் போன பாதையிலேயே புகை கக்கிட்டுப் போகணும்னு அவசியமில்லை, நடுவுல ஒரு கட்டத்தைத் தாண்டிக் குதிச்சிடலாம்னு சொன்னவர். லேண்ட்லைன் பார்க்காத கிராமத்துக்கு நேரா செல்ஃபோன் வந்த மாதிரி. இவரும் மியெல்னிக்கும் சேர்ந்து 2002ல 20 வளரும் நாடுகளை எடுத்துப் பார்த்தாங்க. அந்நிய நேரடி முதலீடு கூடக் கூட, ஒரு டாலர் உற்பத்திக்கு செலவாகிற எரிசக்தி குறையுதுன்னு கண்டாங்க. அடுத்த வருஷமே எஸ்கிலண்ட், ஹாரிசன்னு ரெண்டு பேர் மெக்சிகோ, வெனிசுலா, ஐவரி கோஸ்ட் தொழிற்சாலைகளைப் பார்த்துட்டு, வெளிநாட்டுக்காரன் நடத்துற ஆலைகள் உள்ளூர் ஆலைகளைவிட எரிசக்தியை சிக்கனமா, சுத்தமான வகையா பார்த்து உபயோகிக்குதுன்னு எழுதினாங்க.

கட்சி ரெண்டு. ஹ்யூப்ளர், கெல்லர். 2010ல வந்த ஆய்வு. 60 வளரும் நாடுகள், 1975லேர்ந்து 2004 வரைக்கும், கிட்டத்தட்ட முப்பது வருஷக் கணக்கு. முதலீடு வந்ததால நாட்டோட எரிசக்திச் செறிவு குறைஞ்சுதுங்கிற கருத்தை எங்க கணக்கு உறுதிப்படுத்தலைன்னு சொல்லிட்டாங்க. இன்னும் வேடிக்கை, வெளிநாட்டு வளர்ச்சி உதவிப் பணத்துக்கும் சிக்கனத்துக்கும்தான் ஏதோ தொடர்பு தெரியுதாம்.

இதுல யார் சொல்றது சரி? என் சிற்றறிவுக்கு எட்டினவரை, ரெண்டு கட்சியும் வேற வேற இடத்துல நின்னு பேசுது. ஃபேக்டரி கேட்டுக்கு உள்ள நின்னு பார்த்தா முதல் கட்சி சொல்றது சரி. புது ஆலை, புது மிஷின், சிக்கனமாத்தான் இருக்கும். கேட்டுக்கு வெளியில வந்து நாடு பூரா பார்த்தா, ரெண்டாவது கட்சி சொல்றதுல நியாயம் இருக்கு. உள்ள இருக்கிற சமாச்சாரம் தானா நடந்து வெளியில வர்றதில்லை. வெளியில வர ஒரு கதவு வேணும்.

அந்தக் கதவு என்னன்னு கண்டுபிடிக்க நம்ம ஊர்லயே நாலு உதாரணம் இருக்கு.

1. சிமெண்ட்

இந்திய சிமெண்ட் ஆலைகள் எரிசக்திச் சிக்கனத்துல உலக அளவுல முன் வரிசையில இருக்கு. 1960ல நம்ம ஆலைகள் பெரும்பாலும் ஈர முறையில ஓடிச்சு. கல்லை அரைச்சு தண்ணியில கரைச்சு, அப்புறம் அந்தத் தண்ணியைக் காய வைக்கவே நிலக்கரியை எரிக்கிற முறை. ஒரு கிலோ கிளிங்கருக்கு 1300 கிலோ கலோரிக்கு மேல ஆகும். இப்ப உலர் முறை, 700 சொச்சத்துல முடியுது. இந்த மாற்றத்தின் பெரும்பகுதியைச் செஞ்சது உள்ளூர் முதலாளிகள். லஃபார்ஜ் உள்ள வந்தது 1999ல, ஹோல்சிம் வந்தது 2005ல. அதுக்கு முன்னாடியே மாற்றம் பெருமளவு நடந்தாச்சு. 1982ல பாதியும் 1989ல முழுசாவும் விலைக் கட்டுப்பாடு போச்சு. நிலக்கரியும் கரண்டும் சிமெண்ட் செலவுல பெரிய பங்கு. எவன் மிச்சம் பிடிக்கிறானோ அவன்தான் பிழைப்பான்னு ஆச்சு. மிஷின் டென்மார்க், ஜெர்மனி கம்பெனிகள்கிட்டேயிருந்து வந்துச்சு, வாஸ்தவம். ஆனா காசு கொடுத்து வாங்கினோம். தொழில்நுட்பம் வெளிநாடா இருக்கிறது வேற, முதலாளி வெளிநாடா இருக்கிறது வேற. மாநாட்டு மேடையில இந்த ரெண்டையும் ஒண்ணாக் குழப்பிடறாங்க.

2. ஏசி

இது தலைகீழ் கதை. கொரிய, ஜப்பானிய கம்பெனிகள் 1990களிலேயும் 2000 வாக்குலேயும் இங்க வந்துட்டாங்க. அவங்க ஊர்ல அப்பவே அட்டகாசமான ஏசி செஞ்சவங்க. ஆனா இங்க கடையில வித்தது கரண்டைக் குடிக்கிற சரக்கு. ஏன்? வாங்குறவனுக்கு விலை தெரியும், கரண்ட் செலவு தெரியாது. 2006ல நட்சத்திர முத்திரை விருப்பத்தின் பேர்ல வந்துச்சு, 2010ல ஏசிக்கு கட்டாயம் ஆச்சு. அதுக்கப்புறம் நட்சத்திரம் வாங்குறதுக்கான அளவை அப்பப்ப உயர்த்திட்டே வந்தாங்க. 2010ல அஞ்சு நட்சத்திரம் வாங்கின ஏசி இன்னிக்கு அஞ்சு நட்சத்திரத்துக்குக் கிட்டக்கூட நிக்க முடியாது. கம்பெனி அதே கம்பெனிதான். மாறினது சட்டம்.

சட்டம் இல்லாத இடத்துல என்ன ஆகும்னு ஆப்பிரிக்காவுல பார்க்கலாம். தயாரிக்கிற நாட்டுல விக்க முடியாத அளவுக்கு மட்டமான ஏசிகள் பல ஆப்பிரிக்க நாடுகள்ல கொட்டப்படுதுன்னு 2020ல ஒரு பெரிய ஆய்வு வெளியாச்சு. வெளிநாட்டுப் பேரு போட்ட சரக்கு உள்ளூர்லயே பூட்டப்பட்டு விக்கிறதும் இதுல அடக்கம். கானா இதை முன்னாடியே புரிஞ்சுகிட்டு 2005ல ஏசிக்கு குறைந்தபட்ச அளவு கொண்டு வந்துச்சு, 2008ல பழைய ஃப்ரிட்ஜ் இறக்குமதிக்கு தடைச் சட்டம் போட்டு, 2013லேர்ந்து கறாரா அமல்படுத்துச்சு. அவங்ககிட்ட நம்மளவுக்கு சந்தையும் கிடையாது, முதலீடும் கிடையாது. ஆனா வாசல்ல ஒரு ஆளை நிறுத்தி வெச்சாங்க.

3. எல்ஈடி பல்பு

2014 தொடக்கத்துல அரசாங்கக் கொள்முதல்ல ஒரு பல்பு 310 ரூபாய். 2016ல 38 ரூபாய். மத்திய அரசு நிறுவனம் ஒண்ணு மொத்தமா கோடிக்கணக்குல டெண்டர் விட்டுச்சு, அவ்வளவுதான். டெண்டர்ல வெளிநாட்டு கம்பெனியும் இருந்துச்சு, உள்ளூர் கம்பெனியும் இருந்துச்சு. ஆர்டரோட அளவுதான் விலையை இறக்கிச்சு.

4. பம்ப்செட்

இது நமக்கு கொஞ்சம் வலிக்கிற உதாரணம். பம்புன்னா கோயமுத்தூர். நல்ல, சிக்கனமான பம்பு செய்யத் தெரிஞ்ச ஊர். ஆனா பக்கத்துத் தோட்டத்துலயே விலை கம்மியான, எட்டு தடவை காயில் கட்டின மோட்டார் ஓடிட்டிருக்கும். 1990லேர்ந்து விவசாயத்துக்கு கரண்ட் இலவசம். விவசாயியை நான் குறை சொல்லலை, இலவசத்தை நிறுத்தணும்னும் சொல்லலை (பின்னூட்டத்துல அடிக்க வர்றவங்க கவனிக்க!). ஆனா பில்லே வராத இடத்துக்கு எந்த நாட்டுத் தொழில்நுட்பமும் தானா வராது. அங்க அரசாங்கமே நல்ல பம்பை வாங்கிக் கொடுத்தாத்தான் ஆச்சு. பல்புக்குப் பண்ணினதை பம்புக்கும் பண்ண வேண்டியதுதான்.

நாலையும் சேர்த்துப் பாருங்க. சிக்கனம் வந்த இடத்துல எல்லாம், கையைக் கடிக்கிற பில் இருந்துச்சு, இல்லேன்னா கறாரான சட்டம் இருந்துச்சு, இல்லேன்னா அரசாங்கம் மொத்தமா வாங்குச்சு. முதலாளியோட பாஸ்போர்ட் எந்த நிறம்ங்கிறது ரெண்டாம் பட்சம். வெளிநாட்டுக்காரன் நல்லவனும் இல்லை, கெட்டவனும் இல்லை. வாசல்ல என்ன கேக்கறமோ அதைக் கொண்டு வருவான். கேக்கலைன்னா எது லாபமோ அதைக் கொண்டு வருவான். நம்ம ஆள் மட்டும் என்னவாம்?

அப்ப மாமா பட்டறையில நடந்தது? அதுதான் நான் சொன்ன கதவு. பியாட்டா யாவோர்சிக்ங்கிற பொருளாதார அறிஞர் 2004ல லிதுவேனியா நாட்டை வெச்சு எழுதின ஆய்வு இந்த விஷயத்துல பிரபலம். வெளிநாட்டு கம்பெனியால பலன் அடைஞ்சது அதோட போட்டி போடற உள்ளூர் கம்பெனி இல்லை, அதுக்கு சப்ளை பண்ற உள்ளூர் கம்பெனிதான்னு கண்டார். அதுலயும் உள்ளூர் பங்காளியோட சேர்ந்து வந்த முதலீட்டுல பலன் தெரிஞ்சுது, முழுக்க வெளிநாட்டுக்காரன் கையில இருந்ததுல தெரியலை. அவர் அளந்தது பொதுவான உற்பத்தித் திறனை, எரிசக்தியை மட்டும் இல்லை. ஆனா ஸ்டாப் வாட்ச்சோட வந்த அந்தப் பையன் இந்த வழியாத்தான் வந்தான்.

இன்னொரு விஷயத்தையும் மறந்துடக் கூடாது. வந்தவங்க போவாங்க. ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா 2006ல ஆரம்பிச்சு 2014 நவம்பர்ல மூடுச்சு. ஃபோர்டு 2021ல இந்தியாவுல உற்பத்தியை நிறுத்தறதா அறிவிச்சு, 2022ல மறைமலை நகர்ல கடைசி காரை வெளிய விட்டுச்சு. காரணம் ஆயிரம் இருக்கட்டும், அது வேற பதிவு. மிஷினை கப்பல்ல ஏத்திடலாம், கட்டடத்தை வித்துடலாம். ஓட்டை எங்க இருக்குன்னு காதால கண்டுபிடிக்கிற ஃபிட்டர் இங்கதான் இருப்பார். முதலீட்டுல நமக்குன்னு மிஞ்சறது அதுதான்.

அதனால கோடிக்கணக்கை விடுங்க, ஒப்பந்தம் போடும்போது மூணே மூணு விஷயம் கேளுங்கன்னு எனக்குத் தோணுது.

முதலாவது, நீங்க உங்க ஊர்ல வைக்கிற அதே மிஷினைத்தான் இங்க வைக்கப் போறீங்களா, இல்லை அங்க ஓடிக் களைச்சதா? சலுகை கொடுக்கிறது நாம, கேக்கிற உரிமை நமக்கு உண்டு. இப்ப அம்பத்தூர், சிறுசேரி பக்கமெல்லாம் டேட்டா சென்டர்கள் வருது. ராப்பகலா ஓடற சர்வர், அதைக் குளிர வைக்க அதுக்கு மேல கரண்ட். சென்னை வெயில்ல ஒரு யூனிட் சர்வருக்கு எத்தனை யூனிட் குளிரூட்டலுக்குப் போகும்னு எழுதி வாங்கிட்டு இடம் கொடுங்க.

ரெண்டாவது, சப்ளையர்கள்ல எத்தனை பேரை கைதூக்கி விடுவீங்க? ஃபார்ம் அனுப்பறது கைதூக்கி விடறது ஆகாது. ஆளை அனுப்புங்க, மீட்டரை அனுப்புங்க. மிச்சமாகிற காசுல ஒரு பங்கு ரெண்டு மூணு வருஷத்துக்காவது சப்ளையர் கையில இருக்கட்டும். முழுசையும் உருவிட்டா, அடுத்த ஓட்டையை அவன் ஏன் சொல்லப் போறான்?

மூணாவது நம்ம அரசாங்கத்துக்கும் வங்கிக்கும். 2012லேர்ந்து பெரிய ஆலைகளுக்கு எரிசக்தி இலக்கு வெச்சு 'பாட்'னு ஒரு திட்டம் நடந்துச்சு. முதல் சுற்றுல 478 ஆலைகள், இலக்கைவிட அதிகமாவே மிச்சம் பிடிச்சாங்க. நல்ல விஷயம். ஆனா மாமா மாதிரி ஆளுங்க அந்தக் கணக்குலயே வர்றதில்லை. பழைய மோட்டார் மூணை எடுத்துட்டு புதுசு போட மாமா லோன் கேட்டார். வங்கியில வீட்டுப் பத்திரம் கேட்டாங்க. மூணு வருஷத்துல தானே கடனை அடைச்சுடற மோட்டாருக்கு வீட்டை அடமானம் வைக்கணுமாம். அத்தை பத்திரத்தைத் தர மாட்டேன்னுட்டாங்க. அத்தை சொன்னதுலயும் தப்பு இல்லை.

கடைசியா அந்த ஃபார்ம் விஷயம். ரெண்டு நாள் உக்காந்து கரண்ட் பில்லை எல்லாம் தேடி எடுத்து ரொப்பிக் கொடுத்தேன். "2030க்குள்ள எவ்வளவு குறைப்பீங்க?"ங்கிற கேள்விக்கு வந்தப்ப மாமாவைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் யோசிச்சார். "இருபது சதவீதம்னு போடு. பண்ண முடியும். மோட்டாரை மாத்தினா, கம்ப்ரசரை மாத்தினா, கண்டிப்பா முடியும்"னார். அப்புறம் மெதுவா, "அதுவரைக்கும் பட்டறை இருந்தா"ன்னார்.

அவர் பையன் பெங்களூர்ல சாஃப்ட்வேர்ல இருக்கான். பட்டறைக்கு வர்ற மாதிரி தெரியலை. பட்டறையில பதினோரு பேர் வேலை பாக்கறாங்க. அந்தக் கடைசி வார்த்தைக்கு ஃபார்ம்ல கட்டம் இல்லை, அதான் இங்க எழுதி வெச்சேன்.

டிஸ்கி 1: நான் பொருளாதாரம் படிச்சவன் இல்லை. படிச்ச பதிவர்கள் தப்பு இருந்தா பின்னூட்டத்துல கும்முங்க, திருத்திக்கிறேன்.

டிஸ்கி 2: பட்டறை வெச்சிருக்கிற சொந்தக்காரங்க இருந்தா ஒரு மதியம் போய் எல்லாத்தையும் நிறுத்திட்டு கம்ப்ரசர் சத்தத்தைக் கேளுங்க. எத்தனை நிமிஷம் லோடு எடுக்குதுன்னு குறிச்சு இங்க வந்து சொல்லுங்க. அதுக்கு எந்த நாட்டு முதலீடும் வேண்டாம் :-)